சாப் கார் ஏன் மறைந்தது? கேள்வி பதில்

ஸ்வீடனின் சாப் கார்களைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கே: சார், சாப் என்றால் போர் விமானக் கம்பெனி இல்லையா? அவர்கள் கார் எப்போது செய்தார்கள்?

ப: வேர் அதுதான். 1937-ல் ஸ்வீடன் விமானப் படைக்கு விமானம் கட்டத் தொடங்கிய நிறுவனம். உலகப் போர் முடியும் நேரத்தில் விமான ஆர்டர்கள் குறையும் என்று தெரிந்ததும் கார் பக்கம் திரும்பினார்கள். 1949 டிசம்பரில் ட்ரோல்ஹெட்டான் ஊரில் சாப் 92 உற்பத்தி தொடங்கியது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 25 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். விமானம் கட்டிய கைகள் என்பது உடலைப் பார்த்தாலே தெரியும். காற்றைக் கிழித்துப் போவதை அளக்கும் காற்றுத்தடை எண் (குறைந்தால் நல்லது) 0.30 அளவில் இருந்தது. இன்றைய கார்கள் பலவும் அந்த எண்ணை ஒட்டித்தான் இருக்கின்றன.

கார் பிரிவு 1990-ல் தனிக் கம்பெனியானது. கிரிபென் போர் விமானம் செய்யும் சாப் இன்றும் நன்றாக நடக்கிறது. போனது கார்தான்.

கே: அண்ணா, இத்தனை பேர் உருகும் அளவுக்கு அதில் என்ன இருந்தது?

ப: யோசனை இருந்தது, தம்பி. சாவித் துவாரம் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும். பார்ப்பவர்கள் அதை ஒரு விசித்திரம் என்று நினைப்பார்கள். ஆனால் விபத்தில் ஓட்டுநரின் முழங்கால் சாவியில் மோதி நொறுங்கக்கூடாது என்பதும் அந்த இடத்துக்கு ஒரு காரணம். பனியில் மங்கும் ஹெட்லைட்டுக்கு 1970-லேயே வைப்பர். அடுத்த ஆண்டு சூடேறும் சீட். 1978-ல் உள்ளே வரும் காற்றுக்கு ஃபில்டர்.

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைச் சொல்லாமல் விட முடியாது. 1977-ல் அவர்கள் காட்டிய 99 டர்போ, ரேஸ் காருக்கு உரியதாக இருந்ததை ஆபீஸ் போகிற குடும்பத்துக் காருக்குள் கொண்டுவந்தது. பிறகு எஞ்சின் நாக்கிங்கை, அதாவது எரிபொருள் தவறாக வெடித்துத் தட்டுவதை, தானே உணர்ந்து டர்போ அழுத்தத்தைக் குறைக்கும் ஏபிசி (APC) முறையையும் சேர்த்தார்கள். சிறிய எஞ்சின், தேவைப்படும்போது மட்டும் பெரிய பலம் என்று இன்று எல்லோரும் செய்வதை, அன்று நம்பிச் செய்த சிறிய கம்பெனி இது. ராலி ஓட்டுநர் எரிக் கார்ல்சன் 1962, 1963 இரண்டு ஆண்டும் மான்டி கார்லோ கார் ராலியை வென்றதும் சாபில்தான்.

கே: ஜெனரல் மோட்டார்ஸ்தான் சாபைக் கொன்றது என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். உண்மையா?

ப: பாதி உண்மை. 1989 இறுதியில் ஜி.எம். 60 கோடி டாலர் கொடுத்துப் பாதிப் பங்கை வாங்கியபோதே சாப் நட்டத்தில் இருந்தது. 1989-ல் திறந்த மால்மோ ஆலையை 1991-லேயே மூட வேண்டிய நிலை. விற்பனை எப்போதுமே சிறியது. நல்ல ஆண்டுகளில்கூட ஒன்றரை லட்சம் கார்களைத் தொட்டதில்லை. அந்த அளவை வைத்துக்கொண்டு புதிய மாடலையும் எஞ்சினையும் சொந்தச் செலவில் உருவாக்க முடியாது. யாராவது ஒரு பெரிய கை தேவைப்பட்டது.

ஜி.எம்.மின் குற்றம், வாங்கிய பிறகு இருபது ஆண்டுகள் முடிவெடுக்காமல் இருந்தது. 2000-ல் மீதிப் பங்கையும் வாங்கி முழு உரிமையாளர் ஆனார்கள். அப்போதும் பி.எம்.டபிள்யூவோடு மோதும் கார் வேண்டும் என்பார்கள், அதற்கான பணம் வராது. தங்கள் இன்னொரு பிராண்டான ஓப்பலின் வெக்ட்ரா கார் அடித்தளத்தையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ட்ரோல்ஹெட்டான் பொறியாளர்களோ அதை அப்படியே ஏற்க மனமில்லாமல் சஸ்பென்ஷனை மாற்றினார்கள். இதனால் பொது அடித்தளத்தில் மிச்சமாக வேண்டிய பணமும் மிச்சமாகவில்லை, வாங்குபவருக்கு அசல் சாப் என்ற நிறைவும் கிடைக்கவில்லை.

எனக்கு இன்றும் ஆறாதது 9-5 என்ற சாப் மாடலின் கதை. 1997-ல் வந்தபோது அருமையான கார். அதை முகத்தை மட்டும் மாற்றி மாற்றி 2009 வரை விற்கவைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குள் போட்டியாளர்கள் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டார்கள். உலகமே எஸ்.யூ.வி. கேட்டபோது ஷெவர்லே ட்ரெயில்பிளேசரில் சாப் முகத்தை ஒட்டி 9-7எக்ஸ் என்று அமெரிக்காவில் விற்றார்கள். சுபாரு இம்ப்ரெஸாவுக்கும் அதே வேலை. அந்த 9-2எக்ஸுக்கு மக்கள் 'சாபாரு' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெயரை அறுபது ஆண்டுகள் உழைத்துச் சம்பாதித்தவர்களுக்கு இது பெரிய அவமானம்.

கே: வால்வோவும் அதே நாடு, அதுவும் அமெரிக்க ஃபோர்டிடம் இருந்தது. அது பிழைத்தது. டாடா வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவரும் பிழைத்தது. சாப் மட்டும் ஏன்?

ப: வந்தவற்றில் இதுதான் சரியான கேள்வி. வால்வோ ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. ஃபோர்டின் கீழும் தன் பொறியியல் பலத்தை இழக்கவில்லை. 2010-ல் சீனாவின் கீலியிடம் போனபோது, தேவையான தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் உரிமையும் கூடவே போனது. 2008-ல் டாடா 230 கோடி டாலருக்கு வாங்கியபோதும் அப்படித்தான்; அதற்குப் பிறகு வந்த மோசமான ஆண்டுகளைத் தாங்கப் பண பலமும் டாடாவிடம் இருந்தது.

2010-ல் ஜி.எம்.மிடமிருந்து சாபை வாங்கிய ஸ்பைக்கர், ஆண்டுக்குச் சில பத்து ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் செய்த டச்சுக் கம்பெனி. பணம் இல்லை. அதைவிட மோசமானது, புதிய 9-5-ன் தொழில்நுட்ப உரிமம் ஜி.எம்.மிடமே இருந்தது. 9-4எக்ஸ் என்ற புதிய எஸ்.யூ.வி. தயாரானதே மெக்சிகோவில் உள்ள ஜி.எம். ஆலையில். நிலம் உனக்கு, கிணறு எனக்கு என்று பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி. 2011-ல் பாங் டா, யங்மேன் என்ற சீனக் கம்பெனிகள் பணத்தோடு முன்வந்தன. ஜி.எம். உரிமம் தர மறுத்தது. சீனாவில் சைக் நிறுவனத்தோடு தனக்குக் கூட்டுத் தொழில் இருக்கும்போது, தன் தொழில்நுட்பத்தைப் போட்டியாளர் கையில் எப்படிக் கொடுப்பது என்பது அவர்கள் வாதம். வியாபாரக் கணக்கில் அந்த வாதத்தில் தவறில்லை. ஆனால் சாப் பிழைக்க இருந்த கடைசி வழியும் அதோடு அடைபட்டது.

கே: கடைசி மாதங்களில் என்ன நடந்தது?

ப: 2011 வசந்தத்தில் உதிரிபாகம் தருபவர்களுக்குப் பணம் போகவில்லை, அவர்கள் சப்ளையை நிறுத்தினார்கள், ஆலை நின்றது. கோடையில் சம்பளமும் தாமதமானது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த இடம், சிறிய ஊர். டிசம்பர் 19 அன்று திவால் மனு.

கே: ஸ்வீடன் அரசு வாங்கி நடத்தியிருக்கலாமே?

ப: கார் ஆலை நடத்துவது அரசின் வேலையில்லை என்று 2009-லேயே அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் 40 கோடி யூரோ கடனுக்கு உத்தரவாதம் மட்டும் கொடுத்தார்கள். 2005 வாக்கில் என்றால் அரசுப் பணத்துக்குப் பொருள் இருந்திருக்கும். 2011-ல் போட்டிருந்தால் அதுவும் கரைந்திருக்கும் என்பதே என் கணிப்பு.

கே: அப்புறம் சாப் மின்சாரக் காராக வரும் என்று ஒரு கம்பெனி சொன்னதே?

ப: நெவ்ஸ். 2012-ல் ஆலையை வாங்கி, 2013-ல் பழைய 9-3-ஐச் சிறிதளவு மறுபடி செய்தார்கள். 2014-ல் பணமில்லாமல் நின்றதும், விமான சாப் தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2019-ல் சீன ரியல் எஸ்டேட் நிறுவனமான எவர்கிராண்ட் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அதுவே கடனில் மூழ்க, 2023-ல் நெவ்ஸ் ஏறக்குறைய எல்லா வேலைகளையும் நிறுத்தியது.

கே: லண்டனில் இருக்கிறேன் அண்ணா. பழைய 9-5 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

ப: வாங்குங்கள், ஆனால் பார்த்து. 2003 வரையிலான பெட்ரோல் 9-5-ல் எஞ்சின் ஆயில் தார் மாதிரி இறுகி, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். ஆயில் பானைக் கழற்றிச் சுத்தம் செய்த ரசீது இருக்கிறதா, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் புதிய பிசிவி கிட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். பாகங்கள் கிடைக்கும், திவாலுக்குப் பிறகு உதிரிபாகப் பிரிவை ஸ்வீடன் அரசே எடுத்து, ஓரியோ என்ற பெயரில் தொடர்ந்து நடத்தியது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி என்றால், எஞ்சின் மேலே உட்காரும் டிஐ கேசட் என்ற இக்னிஷன் பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் போகும். இன்னொன்று வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு திருகுதான், ரோட்டோரத்திலேயே நீங்களே மாற்றிவிடலாம்.