முழங்கால் வலிக்கு பி.ஆர்.பி. ஊசியா, குளுக்கோஸ் ஊசியா?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 53. இருபது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றுகிறேன். மூன்று வருஷமாக வலது முழங்காலின் உள்பக்கம் வலி. எக்ஸ்-ரே பார்த்து, தேய்மானம் இரண்டாம் நிலை என்றார்கள். நான்கு மாதத்துக்கு முன் போட்ட ஸ்டீராய்டு ஊசி ஒன்றரை மாதம்தான் தாங்கியது. வேலூரில் ஒரு டாக்டர் பி.ஆர்.பி. (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும், பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) மூன்று ஊசி போடலாம் என்கிறார். இன்னொருவர் குளுக்கோஸ் ஊசியே போதும் என்கிறார். எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. என் வீட்டுக்காரர் பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறார். அவருக்கு எட்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. எங்களுக்கு எது சரி?

பதில்: உங்கள் முழங்காலுக்கு இந்த இரண்டில் எதையும் போடலாம். ஆனால் இரண்டுமே முதலில் செய்ய வேண்டிய வைத்தியம் அல்ல. ஊசிக்குப் பணம் கட்டும் முன் வலி எங்கிருந்து வருகிறது என்பது உறுதியாக வேண்டும். எக்ஸ்-ரேவில் தேய்மானம் தெரிகிறது என்பதாலேயே வலி அதனால்தான் என்று ஆகிவிடாது.

நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கி வையுங்கள். முட்டிச் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து விரலை உள்பக்கமாக நகர்த்தினால், இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அதுதான் மூட்டு இடைவெளி. அங்கே அழுத்தினால் வலி எடுக்கிறதா, அல்லது அங்கிருந்து மூன்று விரல் கீழே, எலும்பின் உள்பக்கத்தில் அழுத்தும்போது 'அம்மா' என்று சுள்ளென்று இழுக்கிறதா? கீழே என்றால், தொடையிலிருந்து வரும் மூன்று தசைநாண்கள் எலும்பில் ஒட்டும் இடமும் அதன் அடியில் இருக்கும் நீர்ப்பையும் புண்பட்டிருக்கலாம். நடுத்தர வயதுப் பெண்களுக்கு, அதிலும் சர்க்கரையும் எடையும் உள்ளவர்களுக்கு, இது அதிகம் வரும். இரவில் ஒருக்களித்துப் படுக்கும்போது ஒரு முட்டி இன்னொன்றில் பட்டாலே வலிக்கும். இந்த வலிக்கு மூட்டுக்குள் எந்த ஊசி போட்டும் பயனில்லை. உங்களுக்கு ஸ்டீராய்டு எந்த இடத்தில் போட்டார்கள் என்று பழைய சீட்டில் பாருங்கள், அல்லது போட்ட டாக்டரிடமே கேளுங்கள்.

இன்னொன்று. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகி இருந்தாலோ, இரண்டு கை விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினாலோ, சிக்குன்குனியா வந்த பிறகுதான் வலி தொடங்கியது என்றாலோ முதலில் வேண்டியது ரத்தப் பரிசோதனை. முடக்குவாதத்துக்கு இந்த ஊசிகள் மருந்து ஆகாது.

இனி ஊசிகளுக்கு வருவோம். குளுக்கோஸ் ஊசிக்கு ப்ரோலோதெரபி என்று பெயர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஹாக்கெட் 1950-களில் பரப்பிய முறை இது. அடர்த்தியான டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) போட்ட இடத்தில் லேசான அழற்சி உண்டாகி, அதைத் தொடர்ந்து உடம்பு அந்த இடத்தைச் சரிசெய்யத் தொடங்கும் என்பதுதான் இதன் அடிப்படைக் கருத்து. மூட்டுக்குள் போட 25 சதவீதக் கரைசல், தசைநார் எலும்பில் ஒட்டும் இடங்களில் போட 12.5 முதல் 15 சதவீதம். 25 சதவீதக் குளுக்கோஸுடன் சம அளவு லிக்னோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) கலந்தால் 12.5 வந்துவிடும். நான்கு வாரத்துக்கு ஒரு முறையாக மூன்று முதல் ஐந்து முறை போடுவார்கள். 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 90 பேரில் குளுக்கோஸ் போட்டவர்கள் ஒரு வருஷம் கழித்தும் மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் ஒழுங்காகச் செய்தது. மருந்தின் விலை சொற்பம் என்பதால், பணம் பார்த்துச் செலவழிக்க வேண்டிய குடும்பத்துக்கு இதை முதலில் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

சர்க்கரை ஏறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். 25 சதவீதக் கரைசல் 10 மில்லியில் இருப்பது இரண்டரை கிராம் குளுக்கோஸ், அதாவது அரை டீஸ்பூன். உங்களுக்கு முன்பு போட்ட ஸ்டீராய்டுதான் சில நாட்கள் சர்க்கரையை ஏற்றியிருக்கும். ஊசியைப் பொறுத்தவரை சர்க்கரை நோயாளிக்கு உள்ள உண்மையான ஆபத்து கிருமித்தொற்று. அதனால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8-க்குக் கீழே வந்த பிறகு எந்த ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பி.ஆர்.பி. உங்கள் ரத்தத்திலிருந்தே எடுப்பது. கையில் ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழல் இயந்திரத்தில் சுற்றுவார்கள். வெளியே எடுத்த குழாயைப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள், அதன்மேல் நூல்போல வெளுத்த ஒரு படலம், அதற்கும் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. பிளேட்லெட்டுகள் அந்த வெள்ளைப் படலத்தை ஒட்டியே அடர்த்தியாக இருக்கும். மேல்பகுதித் தெளிவான நீரை மட்டும் உறிஞ்சிப் போட்டால் அது வெறும் பிளாஸ்மா. பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

எனவே நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லேப் சீட்டில் பிளேட்லெட் 2.5 லட்சம் என்று இருந்தால், அது ஒரு மைக்ரோ லிட்டருக்கு. அப்படியானால் ஒரு மில்லி ரத்தத்தில் 25 கோடி. 10 மில்லி எடுத்தால் 250 கோடி, 20 மில்லிக்கு 500 கோடி, 60 மில்லிக்கு 1,500 கோடி. ஒன்றுகூட வீணாகாமல் பிரித்தெடுத்தால்தான் இந்த எண்ணிக்கையே. 2021-ல் வெளிவந்த ஆய்வுகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 288 பேரில் பாதிப் பேருக்கு பி.ஆர்.பி.யும் மற்றவர்களுக்கு உப்புநீரும் வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். ஒரு பி.ஆர்.பி. ஊசியில் 5 மில்லி, அதில் பிளேட்லெட் சுமார் 160 கோடி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் உப்புநீர் ஊசிக்கும் இதற்கும் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பும் தேறவில்லை. இந்தியாவில் 150 பேரிடம் செய்த ஆய்வில் 8 மில்லியில் 1,000 கோடி பிளேட்லெட் செலுத்தினார்கள். மூட்டுக்கு வழுவழுப்புத் தரும் ஹயலுரோனிக் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்கு ஒரு வருஷம் வரை வலி குறைந்திருந்தது. ஒப்பிட்ட மருந்து வேறு என்பதால் இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் 10 மில்லி ரத்தம் எடுத்து 'மூன்று முறை போடலாம்' என்கிற இடத்தில் 1,000 கோடிக்கு வழியே இல்லை.

போடுமுன் கேட்க வேண்டியவை: எத்தனை மில்லி ரத்தம் எடுப்பீர்கள்? பி.ஆர்.பி.யில் பிளேட்லெட் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பீர்களா? வெள்ளையணு குறைந்த வகையா? (முழங்காலுக்கு அதுதான் வழக்கம்.) ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடுவீர்களா? ரத்தப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் சாதாரண லேப் குழாயில் பிரித்ததை மூட்டில் திருப்பிச் செலுத்தக் கூடாது. அதற்கென்றே தயாரித்த கிருமிநீக்கிய கிட் வேண்டும். டெங்கு வந்து பிளேட்லெட் குறைந்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, முட்டித் தோலில் புண் இருந்தாலோ தள்ளிப்போடுங்கள்.

அமெரிக்க வாத நோய் மருத்துவர் சங்கம் 2019-ல் முழங்கால் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி. வேண்டாம் என்றே உறுதியாகப் பரிந்துரைத்தது. குளுக்கோஸ் ஊசியையும் பரிந்துரைக்கவில்லை, ஆனால் அதை அவ்வளவு அழுத்தமாக மறுக்கவில்லை. பி.ஆர்.பி. இடத்துக்கு இடம் வேறு வேறு விதமாகத் தயாராவதை ஒரு காரணமாகச் சொன்னது. இதைச் சொல்லாமல் 'தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடும்' என்று யாராவது வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்புதல் இல்லாத ஸ்டெம் செல் ஊசியும் அப்படித்தான். ஆய்வுக்கு வெளியே அதை விற்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

ஊசி போட்ட பின் இரண்டு மூன்று நாள் வலி கூடும். அப்போது பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். மெடிக்கலில் வலி மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் அசெக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரையைத்தான் கொடுப்பார்கள். பி.ஆர்.பி.க்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்பு வரை அந்த வகை வேண்டாம், அது பிளேட்லெட்டின் வேலையைத் தடுக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தவே கூடாது. மூன்று நாளுக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போய், முட்டி சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ அன்றைக்கே போக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் மூன்று மாதம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சப்பணம் போட்டு முறத்தை மடியில் வைத்துச் சுற்றுவதை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து முறத்தை இடுப்பு உயர ஸ்டூலில் வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து பத்தடி நடங்கள். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து ஐந்து விநாடி கீழ்நோக்கி அழுத்துங்கள், பத்து தடவை, மூன்று சுற்று. முட்டி மடங்காமல் காலை ஓரடி தூக்குவது அதே கணக்கு. கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது பத்து தடவை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் இறங்கும் பாரம் நாலு கிலோ குறையும். இதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவும், ஊசி தேவையா என்று முடிவு செய்யவும் உடலியக்க மறுவாழ்வு மருத்துவர்கள் பொருத்தமானவர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கி வளர்த்த துறை அது. நம் ஊர்க்காரர்கள் இதை நரம்பு அடிபட்டவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் வலி பாதியாவது குறையவில்லை என்றால் குளுக்கோஸ், அதற்கடுத்து பி.ஆர்.பி. ஊசிக்குப் பிறகும் இந்தப் பயிற்சி தொடர வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு வேறு பதில். கத்தியை இறுக்கிப் பிடிக்கும் கையில் வரும் வலி அது, மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநாணின் வேரில். அவருக்கு ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். ஒரு மாதம் சுகமாக இருக்கும், ஆனால் போடாதவர்களைவிடப் பின்னால் மோசமாகிறது என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். பி.ஆர்.பி.க்கும் இங்கே பலன் உறுதியில்லை, அதனால் அவசரப்பட வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, உள்ளங்கை கீழே பார்க்க முன்கையை மேசை விளிம்பில் வைக்கட்டும். இடது கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் நாலு எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்க வேண்டும். தினமும் 15 தடவை, மூன்று சுற்று, பன்னிரண்டு வாரம். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை வரை நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்கட்டும். சுலபமாக வந்ததும் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மாறலாம். கத்திப் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கிக்கொண்டால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது.