ஜெர்சியில் கரும்புள்ளி, பையில் முடை நாற்றம்: வாசகர் கேள்வி பதில்

அடைமழை தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைக் கேட்கிறீர்கள். விளையாட்டு உடுப்பில் பூசணம். அதிலும் ராமநாதபுரம் கடலோரத்துக் கடிதங்கள்தான் அதிகம். வெளியூரில் சொல்லும் வைத்தியம் அந்தப் பக்கத்தில் அப்படியே பலிக்காது, ஏனென்றால் அங்கே காற்றிலும் உப்பு, பல வீடுகளில் தண்ணீரிலும் உப்பு. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, என் மகன் பள்ளிக் கபடி டீமில் இருக்கிறான். தீபாவளி லீவுக்கு முன்னால் விளையாடிவிட்டு வந்தவன் வியர்வை ஜெர்சியைப் பையில் திணித்து வைத்துவிட்டான். லீவு முடிந்து எடுத்தால் அக்குளிலும் முதுகிலும் குத்துக் குத்தாகக் கறுப்புப் புள்ளி. இரண்டு தரம் சோப்புப் போட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்து ஜெர்சி, திருப்பிக் கொடுக்க வேண்டும். ப்ளீச் ஊற்றலாமா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

ஊற்றாதீர்கள் அம்மா. முதலில் ஜெர்சியின் உள்பக்கம் கழுத்திலோ இடுப்பிலோ தைத்திருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் எந்த ப்ளீச்சும் ஆகாது. முக்கோணத்துக்குள் இரண்டு சாய்ந்த கோடு இருந்தால் குளோரின் இல்லாத ப்ளீச் மட்டும் போடலாம். கபடி ஜெர்சி உடம்போடு ஒட்டி இழுபட வேண்டும் என்பதற்காக அதில் பெரும்பாலும் ஸ்பான்டெக்ஸ் கலந்திருப்பார்கள். குளோரின் ப்ளீச் அந்த இழையைத்தான் முதலில் அரிக்கும். புள்ளி போனாலும் ஜெர்சி தொளதொளவென்று ஆகிவிடும், ஒட்டிய நம்பரும் உரியும்.

இப்படிச் செய்யுங்கள். வெயில் தலைகாட்டும் ஒரு நாளில் ஜெர்சியை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, நன்றாகக் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே நின்று காய்ந்த பிரஷ்ஷால் புள்ளிகளைத் தட்டிவிடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் பூசணம் இழைக்குள் இன்னும் இறங்கும், அதனால்தான் காய்ந்த பிறகு தட்டச் சொல்கிறேன். அப்புறம் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வினிகர் எல்லாப் பூஞ்சையையும் கொல்லும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாடையை எடுக்கும், துணியில் படிந்த சோப்பு அழுக்கையும் கரைக்கும்.

அதற்கும் மிஞ்சிய புள்ளிக்கு, லேபிள் இடம் கொடுத்தால், குளோரின் இல்லாத ஆக்ஸிஜன் ப்ளீச். கடையில் கறை நீக்கும் பவுடர் என்று கேளுங்கள், பாக்கெட்டின் பின்னால் சோடியம் பெர்கார்பனேட் என்று போட்டிருக்கும். கை பொறுக்கும் சூடு, சுமார் 40 டிகிரி உள்ள தண்ணீரில், பாக்கெட்டில் சொன்ன அளவு கலந்து ஊறவையுங்கள். பச்சைத் தண்ணீரில் அது சோம்பேறித்தனமாகத்தான் வேலை செய்யும். கலந்ததை மூடி போட்ட பாட்டிலில் மட்டும் எடுத்து வைக்காதீர்கள், வாயு கிளம்பி பாட்டில் வெடிக்கும். ஊறியதும் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து அக்குள் தையலை விரித்துப் பாருங்கள். துணி இரண்டு மடிப்பாகச் சேரும் அந்தக் கோட்டில்தான் பூசணம் வரிசையாக உட்கார்ந்திருக்கும், மேலோட்டமாகக் கசக்கினால் அங்கே சோப்பே போகாது. தையல் ஓடும் திசையிலேயே தேய்த்து அலசுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு லேசான சாம்பல் நிறக் கறை நின்றால் பதறாதீர்கள். பூஞ்சை செத்தாலும் அதன் கறுப்புச் சாயம் இழையில் தங்கும். இன்னொரு தரம் ஊறவைத்தால் மங்கும். கறை இருக்கும்போது அயர்ன் பண்ணாதீர்கள், சூடு பட்டால் அது அங்கேயே குடியேறிவிடும். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போடும் பாட்டி வைத்தியம் வெள்ளைப் பருத்தித் துணிக்குச் சரி, கலர் ஜெர்சியில் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும்.

நாங்கள் சாயங்காலம் கடற்கரையில் வாலிபால் ஆடிவிட்டு அப்படியே கடலில் இறங்கிக் குளித்துவிட்டு வருவோம். டி-ஷர்ட்டையும் ஷார்ட்ஸையும் கொடியில் போட்டால் மறுநாள் பகலில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது, ராத்திரி தொட்டால் மறுபடி பிசுபிசுவென்று ஈரம். மழையே இல்லாத நாளிலும் பூசணம் வருகிறது. என்ன காரணம்?
– ஓர் இளைஞர், வாலிநோக்கம்

தம்பி, இந்தக் கடிதத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று சொல்லலாம், ஏனென்றால் கடலோரத்துப் பூசணத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு உங்கள் டி-ஷர்ட்டிலேயே நிற்கும். அந்த மொறுமொறுப்பு உப்புதான். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு, அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும். கடலை ஒட்டிய ஊரில் பொழுது சாய்ந்தால் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, பகலில் காய்ந்த உங்கள் துணி ராத்திரியில் தன்னைத்தானே நனைத்துக்கொள்கிறது. பூஞ்சைக்கு ஒன்று, இரண்டு நாள் ஈரம் போதும், முளைத்துவிடும். வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது என்பதால் கடலில் இறங்காதவர்களுக்கும் இதே கதை, கொஞ்சம் குறைவாக.

எனவே மருந்து, பவுடர் எல்லாவற்றுக்கும் முன்னால் உப்பை அலசி எடுப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்த உடனே, துவைக்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் பிழிந்து தனியாக விரித்துப் போடுங்கள். இரண்டு முறை அலசினால் இன்னும் நல்லது. உங்கள் பக்கத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு என்பது எனக்குத் தெரியும், நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வாங்குகிற இடத்தில் துணிக்குச் செலவழிக்கச் சொல்வது கஷ்டம்தான். துவைப்பதையும் முதல் அலசலையும் போர் தண்ணீரில் முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் அரைவாளி நல்ல தண்ணீர் வையுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இதைவிட நல்ல உபயோகம் அதற்கு இல்லை. உப்புத் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் பிரிந்து துணியிலேயே ஒட்டும், அந்தப் பிசுக்கும் பூஞ்சைக்குத் தீனி. சலவை பவுடரோ லிக்விடோ, அதுவும் குறைந்த அளவில் போடுங்கள்.

இன்னொன்று, கொடி எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடலைப் பார்த்த கொடியில் போட்டால் துணிமேல் உப்புச் சாரல் புதிதாகப் படியும். வீட்டுக்குப் பின்னால், சுவர் மறைவில் கட்டுங்கள். நாலு மணிக்கெல்லாம் துணியை எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கக் கொடியில் கிடக்கும் துணி காய்வதில்லை, நனைகிறது.

என் ஃபுட்பால் ஜெர்சியில் ஒரு புள்ளிகூட இல்லை. துவைத்ததும் வாசனையாக இருக்கிறது, போட்டு ஐந்து நிமிடம் ஓடினால் பழைய நாற்றம் திரும்ப வருகிறது. இதுவும் பூசணமா?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பூசணமாக இருக்க வாய்ப்பு குறைவு, பாக்டீரியாதான். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களின் பருத்தி டி-ஷர்ட்டைவிட பாலியஸ்டர் டி-ஷர்ட்டில்தான் நாற்றம் அதிகம் என்று கண்டார்கள். மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தது. பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாக வாங்காது, ஆனால் உடம்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணெய் போகாதவரை வாசனை எல்லாம் மேல்பூச்சுதான்.

உள்பக்கத்தைத் திருப்பித் துவையுங்கள், உடம்பில் ஒட்டுவது அந்தப் பக்கம்தானே. துணி மென்மையாக வாசனை வர ஊற்றும் கண்டிஷனரை இன்றோடு நிறுத்துங்கள். அது இழைமேல் படலம் போடும், வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் தன்மை போய்விடும், நாற்றமும் உள்ளே பத்திரமாக இருக்கும். முதல் கடிதத்துக்குச் சொன்ன ஆக்ஸிஜன் ப்ளீச் ஊறல் உங்களுக்கும் பொருந்தும். மாதம் ஒரு தடவை போதும். வினிகரையும் ஒவ்வொரு துவைப்புக்கும் ஊற்றாதீர்கள், இடுப்பு எலாஸ்டிக் நைந்துபோகும்.

ப்ளீச்சும் வினிகரும் சேர்த்து ஊறவைத்தால் எந்தக் கறையும் போகும் என்று போனில் ஒரு வீடியோ வந்தது. செய்து பார்க்கலாமா?
– வாசகி, மண்டபம்

கூடவே கூடாது. தயவுசெய்து அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். குளோரின் ப்ளீச்சோடு புளிப்பான எது சேர்ந்தாலும், அது வினிகராக இருந்தாலும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டாக இருந்தாலும், குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் முதல் உலகப் போரில் படைவீரர்கள்மேல் திறந்துவிட்டார்களே, அதே வாயு. ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறையில் இதைச் செய்தால் நெஞ்சு அடைத்து, கண் எரிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும். வெள்ளை நிறத்தில் கட்டி கட்டியாக விற்கும் ப்ளீச்சிங் பவுடரும் இதே வகைதான். ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த க்ளீனர் சேர்வதும் விஷம். தெரியாமல் கலந்துவிட்டால் பக்கெட்டைத் தூக்க நிற்காமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே ஓடுங்கள்.

வினிகரில் ஊறவைத்த துணியை முழுக்க அலசிய பிறகே வேறு எதிலும் போடவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மருந்து.

பூசணம் பிடித்த ஷார்ட்ஸ் போட்டதால்தான் தம்பிக்குத் தொடையில் படர்தாமரை வந்தது என்கிறார்கள். வீட்டில் வீசிங் உள்ள குழந்தையும் இருக்கிறாள். பயமாக இருக்கிறது.
– வாசகி, தொண்டி

துணியில் கறுப்பாகப் படியும் பூஞ்சை வேறு, படர்தாமரைப் பூஞ்சை வேறு. படர்தாமரை இன்னொருவரின் உடம்பிலிருந்தோ, அவர் துண்டு, உடுப்பைப் பகிர்வதாலோ ஒட்டும். டீமில் ஒரே ஷார்ட்ஸை மாற்றி மாற்றிப் போடுகிறார்களா என்று கேளுங்கள், அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஈரமான, இறுக்கமான துணியோடு மணிக்கணக்கில் இருந்தால் அது பரவ வசதி. துண்டு, பருத்தி உள்ளாடையைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் கலவை க்ரீம்களை மட்டும் தடவ விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்தது அரிப்பை இரண்டு நாள் அடக்கிவிட்டுப் படையைப் பெரிதாக்கும், அப்புறம் சாதாரண மருந்து கேட்காது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தை விஷயத்தில் பயம் நியாயமானது. பூசணத் தூள் மூச்சில் போனால் வீசிங் கிளம்பும். தட்டுவது, உதறுவது எல்லாம் வீட்டுக்கு வெளியே, குழந்தை பக்கத்தில் இல்லாதபோது. அவள் படுக்கும் அறையில் ஈரத்துணி காயப்போட வேண்டாம்.

ஷூ, நீ கேப் (முழங்கால் உறை), கிட் பேக் எல்லாம் நாறுகிறது. இவற்றைத் துவைக்கலாமா?
– வாசகர், பாம்பன்

நீ கேப்பைத் தாராளமாகத் துவைக்கலாம், முறுக்கிப் பிழியாமல் துண்டுக்குள் வைத்து அழுத்தி ஈரம் எடுங்கள். ஷூவின் உள் அட்டையையும் லேஸையும் உருவித் தனியாகத் துவைத்து, ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமாக ஈரமாகத் தாளை மாற்றுங்கள். பையைத் தலைகீழாகத் திருப்பி, மூலையில் சேர்ந்த மணலைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். அந்த மணலிலும் உப்பு இருக்கும்.

எங்கள் மன்றத்து வாலிபால் ஜெர்சி செட்டைப் பொங்கல் போட்டி வரை ட்ரங்கு பெட்டியில் வைப்போம். ஒவ்வொரு வருஷமும் திறக்கும்போது பூசணம். எப்படி வைப்பது?
– வாசகர், தேவிபட்டினம்

மடிப்பதற்கு முன் கழுத்துப்பட்டையையும் அக்குள் தையலையும் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். மற்ற இடம் காய்ந்திருந்தாலும் அங்கே சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடைமழை நாளில் வெயிலுக்குக் காத்திருக்காமல், காய்ந்த துண்டுக்குள் ஜெர்சியைச் சுருட்டி முறுக்கி எடுத்து, ஃபேனுக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டாமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

பிளாஸ்டிக் கவரில் சுற்றாதீர்கள், பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். பெட்டியைச் சுவரில் ஒட்டாமல், தரையில் படாமல், செங்கல் வைத்து உயர்த்தி வையுங்கள். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கிடைத்தால் நாலைந்து போடுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அதை நம்பாதீர்கள். மழை விட்ட பகலில் பெட்டியைத் திறந்து ஜெர்சிகளை உதறி, ஒரு மணி நேரம் நிழலில் காற்றாட விட்டு, பொழுது சாய்வதற்குள் உள்ளே வைத்துவிடுங்கள்.