அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் அந்த நோட்டைப் பாருங்கள்

போன வாரம் கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள் மூன்று பேரும் மேலே என்ன படிக்க வைப்பது என்று யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். மஞ்சளும் வாழையும் போடுகிற குடும்பம். "ஏனுங்க, புள்ள பத்திரிகைப் பக்கம் போறேங்குது, கோயமுத்தூர் பெரியப்பா ஏஐ இன்ஜினியரிங் சீட்டு பேசி வெச்சிருக்காரு, என்னங்க பண்றது" என்று கேட்கும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டிஜிட்டல் விளம்பர மாநாடு ஒன்றில் செய்தி நிறுவன நிர்வாகிகளும் பத்திரிகையாளர்களும் பேசிய வீடியோக்களை அந்தப் பொண்ணு ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறது.

பயப்படாதீங்க என்றுதான் ஆரம்பித்தேன். மேனேஜ்மென்ட் கோட்டா, நாலு வருஷத்துக்குப் பத்து லட்சம், அதற்கு நகை அடகு என்று அப்பா சொன்னதும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். பிள்ளை கேட்காத படிப்புக்கு நகையை வைக்காதீர்கள். கல்யாணப் பேச்சில் இன்ஜினியரிங் என்றால் எடுப்பாக இருக்கும் என்பது பெரியப்பாவின் கணக்கு, வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

அப்புறம் அந்த அம்மணி தன் நோட்டைக் காட்டியது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து 300 x 250 என்று எழுதியிருந்தது. அது செய்தித் தளங்களில் வரும் விளம்பரப் பெட்டியின் அளவு. "செத்தவங்க செய்தி, கலவரச் செய்தி பக்கத்துல விளம்பரம் வேண்டாம்னு கம்பெனிக சில வார்த்தைகளைத் தடுத்து வெச்சிர்றாங்க, அதனால நல்லா உழைச்சு எழுதின செய்திக்கும் காசு வர்றதில்லீங்க, அதுக்குத்தான் கம்பெனிக்காரங்களும் பத்திரிகைக்காரங்களும் அந்த மாநாட்டுல வாதம் பண்றாங்க" என்றது. எழுதுவதைவிட, எழுத்துக்குக் காசு எப்படி வருகிறது என்பதில்தான் இதற்கு ஆசை. அந்த வேலைக்குப் பெயர் ஆட் ஆப்ஸ், அதாவது விளம்பரங்களைத் தளத்தில் ஏற்றி, கண்காணித்து, கணக்குக் காட்டும் வேலை. நம் பக்கம் இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது.

மஞ்சள் ஏலம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நீங்கள் போனில் ஒரு செய்தியைத் திறக்கும்போதே அந்தக் கட்டம் ஏலத்துக்குப் போய்விடுகிறது. வியாபாரி மஞ்சளை உடைத்துப் பார்த்து விலை சொல்வதுபோல, விளம்பரம் வாங்குபவரின் மென்பொருள் உங்களைப் பற்றிக் கிடைக்கும் தகவலைப் பார்த்து விலை சொல்கிறது, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். விலை ஆயிரம் தடவை காட்டுவதற்கு இவ்வளவு என்ற கணக்கில். கட்டத்தில் பாதியாவது 1 விநாடி திரையில் தெரிந்தால்தான் 'பார்த்ததாக' எண்ணுவார்கள், வீடியோ என்றால் 2 விநாடி. அடுத்தவன் மூட்டையைத் தன் மூட்டை என்று விற்கிற ஆட்கள் இங்கேயும் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2017-ல் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற கோப்பைக் கொண்டுவந்தார்கள், தன் இடத்தை விற்க யாருக்கெல்லாம் உரிமை கொடுத்திருக்கிறோம் என்று தளமே எழுதி வைக்கும் பட்டியல் அது. இதையெல்லாம் தினமும் சரிபார்ப்பவர்தான் ஆட் ஆப்ஸ் ஆள். மாதக் கடைசிக்குள் பத்து லட்சம் தடவை காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தால், இருபதாம் தேதி எண்ணிக்கை பின்தங்குவதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவரும் அவர்தான்.

இதற்கு அரசு கலைக் கல்லூரியிலோ உதவி பெறும் கல்லூரியிலோ பி.காம் அல்லது புள்ளியியல் போதும். கூகுளின் ஆன்லைன் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் விளம்பரப் பாடங்களும் தேர்வும் இலவசம், 80 சதவீதம் எடுத்தால் சான்றிதழ், ஒரு வருஷம்தான் செல்லும், மறுபடி எழுத வேண்டும். டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று பலகை மாட்டி ஐம்பதாயிரம் கேட்கும் இடங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எக்செல் கை வர வேண்டும், ஆங்கிலத்தில் தப்பில்லாமல் ஒரு மெயில் எழுதத் தெரிய வேண்டும். திருப்பூரில் ஆன்லைனில் பனியன் விற்கும் யாராவது ஒருவருக்கு, தினம் இருநூறு ரூபாய் விளம்பரம் போட்டுப் பார்த்து, எது விற்றது, எது விற்கவில்லை என்று மூன்று மாதம் நோட்டில் எழுதட்டும். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டுதான் பேசும்.

கஷ்டத்தையும் சொல்லிவிட்டேன். இந்த வேலை பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும்தான், வெளிநாட்டுத் தளங்களுக்குப் பார்ப்பதென்றால் இரவு வேலையும் வரும், ஆரம்பச் சம்பளம் சுமார்தான். "தனியாத் தங்கணுமே" என்றார் அம்மா. ஆமாங்க, தங்கணும், அதற்கு இன்னும் மூணு வருஷம் இருக்கிறது.

அப்பா கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போதுதான், "திங்கக்கெழமை அட்வான்ஸ் கட்டறதாச் சொல்லிட்டமுங்க, அண்ணன் கோவிச்சுக்குவாரு" என்றார். கட்டாதீங்கண்ணா, அவர் நம்பரைக் கொடுங்க, நானே பேசறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.