"சைகை மூலம் விளக்கினேன்"னு பத்திரத்துல கையெழுத்து போட்டேன், இப்ப சம்மன் வந்திருக்கு

கேள்வி: வக்கீல் சார் வணக்கம். எனக்கு கோத்தகிரி பக்கம், சைன் லாங்குவேஜ் இன்டர்பிரெட்டிங் டிப்ளமோ முடிச்சு 4 வருஷமா இதே வேலைதான். 2 வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்து, எங்க அக்காவுக்கு காது கேக்காது பேச்சு வராது, 60 சென்ட் தேயிலைல அவங்க பங்கை எனக்கு விட்டுக் குடுக்கறாங்க, பத்திர ஆபீசுக்கு வந்து புரிய வைங்கன்னு 1500 ரூபா குடுத்தார். அந்தம்மா ஸ்கூல் பக்கமே போனதில்ல, வீட்டுல பழகின கைஜாடைதான், என் சைன் பாதிக்கு மேல புரியல, தம்பி பக்கத்துல நின்னு கைய அசைச்சதும் தலைய ஆட்டினாங்க. பத்திரம் எழுதினவர் கடைசில "வாசகங்கள் சைகை மூலம் விளக்கப்பட்டு எழுதிக் கொடுப்பவர் புரிந்து கொண்டார்"னு போட்டு என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டார். இப்ப அந்தம்மா பத்திரம் செல்லாதுன்னு ஊட்டி சப் கோர்ட்டுல கேஸ் போட்டு என்னைய சாட்சியா கூப்பிட்டிருக்காங்க. தம்பி தினமும் போன் பண்றார். ரகசியம் காக்கணும்னுதானே எங்களுக்கு படிப்புல சொல்லிக் குடுத்தாங்க, போகாம இருக்கலாமா? எனக்கு ஜெயிலா? கோர்ட்டுலயும் நீங்களே இன்டர்பிரெட் பண்ணுங்கன்னு அந்தம்மா வீட்டுக்காரர் வேற கேக்கறார்.

பதில்: போகாம இருக்க முடியாதுங்க, அத முதல்ல மனசுல போட்டுக்கங்க. சிவில் கோர்ட் சம்மனுக்கு வராத சாட்சிக்கு வாரண்ட், ஜப்தி, அபராதம்னு எல்லாமே இருக்கு. ரகசியம் காக்கணும்ங்கறது உங்க தொழில் தர்மம், நல்ல விஷயம்தான், ஆனா சாட்சிச் சட்டம் எல்லா இன்டர்பிரெட்டருக்கும் அந்தப் பாதுகாப்ப குடுக்கல. இப்ப இருக்கற புது சாட்சிச் சட்டம், அதாவது பாரதிய சாக்ஷிய அதிநியம், 132வது பிரிவுல வக்கீலும் கட்சிக்காரரும் பேசறது ரகசியம், அந்தப் பேச்சுக்கு நடுவுல இருந்த இன்டர்பிரெட்டருக்கும் அதே கட்டுப்பாடுன்னு இருக்கு. அதாவது என் ஆபீசுல எனக்காக நீங்க வந்து சைன் பண்ணிருந்தா உங்கள யாரும் வாயத் திறக்க வைக்க முடியாது. ஆனா பத்திர ஆபீசுல வக்கீலும் இல்ல கட்சிக்காரரும் இல்ல, தம்பி கூப்பிட்டு போனது, அதனால கேட்டா சொல்லித்தான் ஆகணும்.

இப்ப உங்கள உறுத்தற விஷயத்துக்கு வரேன். வெறும் சாட்சி கையெழுத்து மட்டும் போட்டிருந்தீங்கன்னா கவலையே இல்ல, சாட்சி போட்டவருக்கு பத்திரத்துல உள்ளது எல்லாம் தெரியும்னு சட்டம் எடுத்துக்காது, கையெழுத்து போட்டத பாத்தேன்னு மட்டும்தான் அர்த்தம். நீங்க போட்டது அது இல்லையே, "புரிந்து கொண்டார்"னு இன்னொருத்தர் மனசுக்குள்ள நடந்ததுக்கு கையெழுத்து போட்டிருக்கீங்க. எந்த இன்டர்பிரெட்டராலயும் அத சொல்ல முடியாதுங்க, நான் என்ன காட்டினேன் அவங்க என்ன திருப்பிக் காட்டினாங்கன்னு மட்டும்தான் சொல்ல முடியும். அதுலயும் படிக்காத, காது கேக்காத மத்த ஆளுங்களோட பழகாத ஒரு அம்மாவுக்கு "பாத்தியதை விட்டுக் குடுக்கறது"ங்கறத இந்திய சைகை மொழில அரை மணி நேரத்துல எப்படி புரிய வைக்கறது, தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போய் இந்த வேலி இனி உனக்கு இல்லன்னு காட்டினாலே ஒரு நாள் ஆகும். அதோட தலைய ஆட்டறது சம்மதம் இல்லங்கறது எனக்கு மேல உங்களுக்கே தெரியும், சுத்தி பத்து பேர் பேசறப்ப காது கேக்காதவங்க பாதி பேர் தலைய ஆட்டிட்டுதான் இருப்பாங்க.

ஜெயில் கேள்விக்கு வரேன். தம்பியோட கூட்டு சேர்ந்து தெரிஞ்சே ஏமாத்தினீங்கன்னு காட்டினாத்தான் மோசடி கேஸ் வரும், 1500 ரூபா கூலி வாங்கினது மட்டும் அதுக்குப் பத்தாது. ஆனா பதிவுச் சட்டம் 82வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பதிவு அதிகாரி முன்னாடி பொய்னு தெரிஞ்சே சொன்னா 7 வருஷம் வரைக்கும், சத்தியம் பண்ணி சொன்னாலும் பண்ணாம சொன்னாலும் ஒண்ணுதான். உங்க விஷயத்துல அலட்சியம்தான் தெரியுது, பொய்னு எனக்குப் படல. ஆனா தம்பி சொல்றாரேன்னு கூண்டுல ஏறி "நல்லா புரிஞ்சுக்கிட்டாங்க"ன்னு சொல்லிட்டீங்கன்னா கதையே மாறிடும், அது பொய் சாட்சி, அதுக்கும் 7 வருஷம் வரைக்கும் போகும். நடந்தது நடந்தபடி சொல்லுங்க. சொன்னா மாட்டிக்குவேனேன்னு பயப்படாதீங்க, சாட்சிச் சட்டம் 137வது பிரிவுல பதில் சொல்லாம தப்பிக்க முடியாதுன்னு இருந்தாலும் கோர்ட் கட்டாயப்படுத்தி வாங்கின பதில வச்சு உங்க மேல கிரிமினல் கேஸ் நடத்த முடியாதுன்னும் அதுலயே இருக்கு, பொய் சொன்னா மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால சிக்கலான கேள்வி வந்தா கோர்ட் சொல்லட்டும் பதில் சொல்றேன்னு கேளுங்க.

அந்தம்மாவுக்கு கோர்ட்டுல சைன் பண்ற வேலை வேணவே வேணாம், கும்பிட்டு சொல்லிடுங்க. ராஜஸ்தான்ல இருந்து போன தர்ஷன் சிங் வழக்குல 2012ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருக்கு, இன்டர்பிரெட்டர் அந்த சுற்றுப்புறத்து ஆளா இருக்கலாம், ஆனா வழக்குல எந்த அக்கறையும் இருக்கக் கூடாது, சத்தியப்பிரமாணமும் எடுக்கணும்னு. சாட்சியும் நீங்களே இன்டர்பிரெட்டரும் நீங்களேன்னா எதிர் தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலயே கிழிச்சிடுவார். வீட்டுக்காரரும் வேணாம். அந்தம்மா மாதிரி வீட்டு ஜாடை மட்டும் தெரிஞ்சவங்களுக்கு, காது கேக்காத, ஜாடை பிடிக்கறதுல கெட்டிக்காரர் ஒருத்தரும் சைன் தெரிஞ்ச இன்டர்பிரெட்டர் ஒருத்தரும் ரெண்டு பேரா உக்காந்தாத்தான் சரியா வரும். அதே சாட்சிச் சட்டம் 125வது பிரிவுப்படி அந்த சாட்சியத்த வீடியோ எடுத்தே ஆகணும், அவங்க வக்கீல் கிட்ட இத சொல்லி மனு போடச் சொல்லுங்க. மலையில ஆள் கிடைக்கலன்னா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேக்கட்டும், கோயம்புத்தூர்ல இருந்து வரவழைக்கலாம்.

இன்னொண்ணு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 13வது பிரிவ படிச்சு வச்சுக்கங்க, சொத்து விஷயத்துல உதவறவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அக்கறை முரண்பட்டா உதவறவர் ஒதுங்கிக்கணும்னு சொல்லுது. அன்னைக்கு அந்தம்மா பக்கத்துல நின்னு கைய அசைச்ச தம்பிக்கு அது நேரா பொருந்தும், அந்தத் தம்பி கையால கூலி வாங்கின நீங்களும் யோசிச்சிருக்க வேண்டிய விஷயம்.

தம்பி போன எடுக்காதீங்க, ஆனா நம்பர பிளாக் பண்ண வேணாம், கால் லிஸ்ட்டும் அன்னைக்கு அவர் அனுப்புன மெசேஜும் அப்படியே இருக்கட்டும். சம்மன் தேதிக்கு முன்னாடி ஊட்டியிலயே ஒரு வக்கீல தனியா பாருங்க, கூட்டத்துல வேணாம், இங்க எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். போறதுக்கு முன்னாடி பத்திரத்தோட சர்டிஃபைடு காப்பி ஆன்லைன்லயே போட்டு எடுத்துக்கங்க, உங்க கையெழுத்துக்கு மேல என்னென்ன எழுதியிருக்குன்னு நீங்க இன்னும் முழுசா படிச்சிருக்க மாட்டீங்கன்னுதான் எனக்குத் தோணுது.