பொத்தானை அழுத்திய விரல்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி வினாடி வினா அணியில் இருக்கிறாள். 2011லேயே அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் பொது அறிவுப் போட்டியில் மனிதர்களைத் தோற்கடித்துவிட்டதாம். இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் ஏ.ஐ. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இனியும் அவள் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுமா? நீங்கள் நிறுத்திய ‘பொது அறிவுத் துளிகள்’ பகுதியை மறுபடி தொடங்கினால் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு உதவுமே? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: பொத்தான் என்றீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம். நீங்கள் சொல்லும் 2011 போட்டியின் பாதிக் கதை பொத்தானில்தான் இருக்கிறது.

போட்டியின் பெயர் ‘ஜெப்பர்டி’. எதிரே நின்ற இருவரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கென் ஜென்னிங்ஸ் 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்றவர். பிராட் ரட்டர் அதுவரை அந்த நிகழ்ச்சியில் எந்த மனிதரிடமும் தோற்காதவர். இவர்களோடு மோதியது ஐபிஎம் நிறுவனத்தின் ‘வாட்சன்’. பிப்ரவரி 14 முதல் 16 வரை ஒளிபரப்பானது. கடைசியில் வாட்சன் 77,147 டாலர், ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600. மனித மூளை தோற்றுவிட்டது என்று அன்று பலர் எழுதினார்கள். நான் அன்றும் அதை ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை.

ஜெப்பர்டியில் நடத்துநர் கேள்வியைப் படித்து முடிக்கும்வரை யாரும் பொத்தானை அழுத்தக் கூடாது. படித்து முடித்ததும் ஓர் ஊழியர் விளக்கைப் போடுவார். அதற்கு முன்னால் அழுத்தியவருக்குக் கால் விநாடி பொத்தான் வேலை செய்யாது. அதற்குள் அடுத்தவர் முந்திவிடுவார். விளக்கைப் பார்த்த பிறகு அழுத்தலாம் என்றாலோ காலம் கடந்துவிடும். அதனால் பழகிய ஆட்டக்காரர்கள் அப்போதைய நடத்துநர் அலெக்ஸ் டிரெபெக்கின் குரலைக் கேட்டே கணம் குறித்து அழுத்துவார்கள். வாட்சனுக்குக் காது கிடையாது. கேள்வி எழுத்தாகவே அதற்குள் போகும். விளக்கு எரிந்த செய்தியும் மின்சாரமாகவே போய்ச் சேரும். விடை தயாராக இருந்தால் ஓர் இயந்திர விரல் அக்கணமே பொத்தானை அழுத்தும். மனிதர்களுக்கும் விடை தெரிந்த கேள்விகளை அந்த விரல் அள்ளிக்கொண்டு போனது. ஜென்னிங்ஸும் ரட்டரும் பொத்தானை அழுத்தி அழுத்தி ஏமாந்து நின்ற காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே தோற்றது கட்டைவிரல்.

வாட்சனைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. டேவிட் ஃபெரூச்சியின் குழு அதை ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கியது. மேடையில் இணைய இணைப்பு கிடையாது; தெரிந்ததையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டுதான் ஆடியது. கணக்குப் போடும் சில்லான புராசஸர் ஒன்றே ஒன்று இருந்தால் ஒரு கேள்விக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் கணக்கை, 90 சர்வர்களில் 2,880 புராசஸர் கருக்களை (கோர்) ஒருசேர ஓட்டி மூன்று விநாடியளவுக்குக் கொண்டுவந்தார்கள். என்னைக் கவர்ந்தது வேறொன்று. மனதில் தோன்றிய ஒவ்வொரு விடைக்கும் ‘இது எவ்வளவு நிச்சயம்’ என்று வாட்சன் ஒரு மதிப்புப் போடும். போதிய நிச்சயம் இல்லாவிட்டால் பொத்தானைத் தொடாது. முதல் மூன்று விடைகளும் அவற்றின் மதிப்பும் பார்ப்பவர்களுக்குத் திரையில் பட்டைகளாகத் தெரியும். தெரியாதபோது வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த இயந்திரம் அது. இன்று நம் கைப்பேசியில் பேசும் ஏ.ஐ. சரியானதையும் தவறானதையும் ஒரே குரலில் சொல்கிறது. வாட்சனின் திரையில் இருந்த அந்தப் பட்டைகளை ஏன் கைவிட்டார்கள் என்று எனக்குத் தீராத கோபம்.

அது வழுக்கி விழுந்த இடங்களையும் பாருங்கள். முதல் ஆட்டத்தின் இறுதிக் கேள்வி. தலைப்பு: அமெரிக்க நகரங்கள். ‘இந்நகரின் மிகப் பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயர், இரண்டாவது பெரிய விமான நிலையத்துக்கு அந்தப் போரின் சண்டை ஒன்றின் பெயர்.’ விடை, ஓஹேர், மிட்வே இரண்டையும் வைத்திருக்கும் சிக்காகோ. வாட்சன் எழுதியது டொரான்டோ! கனடா நாட்டு டொரான்டோ! இறுதிக் கேள்வியில் சும்மா இருக்க வழியில்லை, எதையாவது எழுதியாக வேண்டும். எழுதிவிட்டுப் பக்கத்தில் ஐந்து கேள்விக்குறி போட்டது. பந்தயமாக வைத்ததும் வெறும் 947 டாலர். இந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

இன்னொன்று இதைவிட அருமை. ஜார்ஜ் அய்சர் என்ற அமெரிக்கர் 1904 ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வாங்கியவர். அவர் உடலில் இருந்த வித்தியாசம் என்ன என்று கேள்வி. ஜென்னிங்ஸ் ‘ஒரு கை இல்லை’ என்றார். தவறு. வாட்சன் ‘கால்’ என்றது. அதுவும் தவறு. அவருக்கு ஒரு கால் இல்லை என்பதுதான் செய்தி. ‘கால்’ என்ற சொல்லை வாட்சன் கண்டுபிடித்துவிட்டது. ஒற்றைக் காலோடு ஒருவர் பேரலல் பார்ஸ் என்னும் இணைகம்பிகளில் ஏறித் தங்கம் வாங்குவது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது அதற்கு எட்டவில்லை.

இப்போது துளிகளுக்கு வருகிறேன். அந்தப் பகுதியை நிறுத்தியது நான்தான். அதற்காக வந்த வசைக் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. போட்டித் தேர்வு வழிகாட்டி நூல் வெளியிடுவோர் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. என் கட்சி மாறவில்லை. ‘1904இல் தங்கம் வென்ற ஒற்றைக்கால் வீரர் யார்? ஜார்ஜ் அய்சர்’ என்று ஒரு துளி அச்சிட்டால் பிள்ளைகள் அதை ஒப்பிப்பார்கள். எந்தக் கால், எப்படிப் போனது, செயற்கைக் காலோடு எப்படித் தாவினார் என்று ஒரு பிள்ளையும் கேட்காது. கேள்வியைக் கொன்று விடையை மட்டும் கையில் கொடுக்கும் வேலை அது. பிள்ளையின் தலையில் மூன்றாம்தர வாட்சனைக் கட்டுவதற்கு இதழ் எதற்கு?

வினாடி வினாவுக்கு வேறொரு மரபு நம்மிடமே உண்டு. 1967இல் நீல் ஓ’பிரையன் கல்கத்தாவில் ஒரு தேவாலய அரங்கில் தொடங்கிவைத்தது. சென்னையில் ஆகஸ்ட் 15 தோறும் மருத்துவர் நவீன் ஜெயக்குமார் நடத்திய லேண்ட்மார்க் வினாடி வினாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரங்கு நிறையக் கூட்டம், மூவர் மூவராக அணி, முதல் சுற்று எழுத்தில். கேள்விக்குள்ளேயே விடைக்கான தடயம் ஒளிந்திருக்கும். மூன்று பேர் தலையை ஒட்டவைத்துக் கிசுகிசுத்து, ஆளுக்கொரு துண்டாகத் தெரிந்ததைச் சேர்த்து விடையை இழுத்து வெளியே கொண்டுவருவார்கள். தெரியாத விடையைக் கண்டுபிடிக்கும் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

அதற்கும் முந்தியது அவதானம், ஒரே நேரத்தில் பல காரியங்களில் கவனம் வைத்துக் காட்டும் கலை. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது நூறு காரியங்களின் அவதானம், செய்தவர். முதுகில் விழும் கல்லை எண்ண வேண்டும், மணியோசையை எண்ண வேண்டும், கணக்குக்கு விடை சொல்ல வேண்டும், ஈற்றடி கொடுத்தால் வெண்பா பாட வேண்டும். அவையொன்றில் இவர் முஸ்லிம் என்பதால் மடக்க நினைத்து ‘துருக்கனுக்கு ராமன் துணை’ என்று ஒருவர் ஈற்றடி கொடுத்தாராம். பாவலர் முந்தைய அடியைப் ‘பரத லட்சுமண ச’ என்று முடித்தார். ஈற்றடியோடு சேர்த்துப் படியுங்கள், சத்துருக்கனன் வந்து நிற்பான்! எந்த ஏட்டிலும் இல்லாத விடை. மடக்க வந்தவரின் கயிற்றாலேயே ராமனின் தம்பிகள் மூவரையும் கட்டி அவையில் நிறுத்திவிட்டார். இந்தப் பாவலரைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளிடம் போதிய அளவு பேசுவதில்லை என்பது எனக்குப் பழைய மனக்குறை. இடம் கிடைத்தபோதெல்லாம் சொல்வேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: மகள் அணியில் இருக்கட்டும். பொத்தான் பயிற்சியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். எதிர் அணிப் பிள்ளை முந்தினால் முந்தட்டும். வாரம் ஒரு கேள்வியை அவளே தயாரிக்கட்டும். விடை தெரியாதவரும் யோசித்துப் பிடிக்கும்படி கேள்விக்குள் தடயம் இருக்க வேண்டும். எழுதி முடித்தபின் வீட்டில் உங்களிடம் முதலில் கேட்கட்டும். நீங்கள் ஐந்து நிமிடம் யோசித்தும் பிடிபடாவிட்டால் திருத்தி எழுதட்டும், உடனே பிடித்துவிட்டாலும் திருத்தி எழுதட்டும். தேறியதை எனக்கு அனுப்பிவையுங்கள். துளிகள் நின்ற இடத்தில் அதை வெளியிடுகிறேன். விடை அடுத்த இதழில்தான்.