பவுன்ஸ் வேறு, தாமதம் வேறு

கோத்தகிரி பக்கத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"2025 தொடக்கத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி பிக்கப் வண்டி எடுத்தேன். தவணை 11,240 ரூபாய், மாதாமாதம் 5ஆம் தேதி ஆட்டோ டெபிட். போன மாதம் பேக்டரியிலிருந்து இலைப் பணம் 5ஆம் தேதி 11 மணிக்குத்தான் கணக்கில் ஏறியது. அதற்குள் தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. தோட்டத்தில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் பஜாருக்கு வந்து மெசேஜைப் பார்த்ததும், 6.40க்கு அவர்கள் அனுப்பிய லிங்க்கிலேயே யுபிஐ மூலம் முழுத் தவணையும் கட்டினேன். அப்படியும் 10ஆம் தேதி மறுபடி பணம் எடுக்கப் பார்த்து, அதுவும் பவுன்ஸ். வங்கி இரண்டு முறை 295 பிடித்தது. நிதி நிறுவனம் பவுன்ஸ் சார்ஜ் 500 வீதம் 1,000, மூன்று நாள் தாமதக் கட்டணம் 340, அதற்கு ஜிஎஸ்டி 61 என்று போட்டிருக்கிறது. கேட்டால், 'உங்கள் பணம் 8ஆம் தேதிதான் எங்களுக்கு வரவு ஆனது' என்கிறார்கள். எல்லாம் என் தப்புதானா?"

எல்லாம் இல்லை. ஆனால் கொஞ்சம் உங்கள் தப்புதான். அதை முதலில் பேசிவிடலாம்.

பணம் 11 மணிக்கு வந்துவிட்டதே என்ற வாதம் நிற்காது. ஆட்டோ டெபிட் பெரும்பாலும் காலையிலேயே வந்து தட்டும். அந்த நேரத்தில் இருப்பு இல்லையென்றால் வங்கி திருப்பி அனுப்பிவிடும்; மதியம் லட்ச ரூபாய் வந்தாலும் திரும்பியது திரும்பியதுதான். ஞாயிறு, பண்டிகை என்ற சலுகையும் இல்லை. 2021 ஆகஸ்ட் 1 முதல் இந்த முறை வாரத்தின் ஏழு நாளும் ஓடுகிறது. ஆகவே முதல் பவுன்ஸுக்கான 500ம் வங்கி பிடித்த 295ம், மொத்தம் 795 ரூபாய், உங்கள் தலையில்தான். கடன் கொடுத்தபோது தந்த முக்கிய விவரத் தாளில் அந்த 500 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு அந்தத் தாள் கட்டாயம். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

இனி தாமதக் கட்டணம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பவுன்ஸ் என்பது ஒரு முயற்சி தோற்றது. தாமதம் என்பது கெடு நாள் தாண்டியும் பணம் வராதது. உங்கள் கெடு நாள் 5ஆம் தேதி. அன்று மாலையே முழுத் தொகையும் கட்டிவிட்டீர்கள். பிறகு எதற்குத் தாமதம்? 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, கெடு நாளுக்கான நாள் முடிவுக் கணக்கை ஓட்டுவதற்குள் முழுப் பணமும் வராவிட்டால்தான் அன்றைய தேதியில் கடன் பாக்கி என்கிறது. அது வாராக்கடன் வகைப்பாட்டுக்காகச் சொன்னது என்று அவர்கள் மறுக்கலாம். மறுக்கட்டும், கெடு நாளில் கட்டியவருக்குத் தாமத அபராதம் போட ஒப்பந்தத்தில் எந்த வரி இடம் தருகிறது என்று திருப்பிக் கேளுங்கள். லிங்க் அவர்களுடையது. பணத்தை வாங்கிக் கொடுக்க அவர்கள் அமர்த்திய இடைநிறுவனம் 8ஆம் தேதி வரை வைத்திருந்தால், அது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். உங்கள் கையில் 6.40 மணி ரசீதும், அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாளமான யுடிஆர் எண்ணும் இருக்கின்றன; வேறொன்றும் வேண்டாம்.

அந்த 61 ரூபாய் ஜிஎஸ்டி இன்னொரு கதை. கடன் விதியை மீறியதற்காக வாங்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2025 ஜனவரியில் தெளிவாக்கிவிட்டார்கள். தாமதக் கட்டணம் சரி என்றே வைத்துக்கொண்டாலும் வரி தப்பு. தொகை சின்னதுதான், ஆனால் புகாரில் இதைத் தனியாக எழுதுங்கள். எதிராளி பதில் சொல்ல முடியாத ஒரு வரி இருந்தால் மற்ற வரிகளுக்கும் பலம்.

10ஆம் தேதி நடந்ததுதான் எனக்குக் கோபம் வரவைத்தது. கட்டி ஐந்து நாள் ஆன தவணைக்கு மறுபடி உண்டியல் குலுக்கியிருக்கிறார்கள். அவர்கள் சொல்படியே 8ஆம் தேதி பணம் வரவாகிவிட்டது என்றால், 10ஆம் தேதி எதை வசூலிக்க வந்தார்கள்? அவர்களுடைய வாக்குமூலமே அவர்களைக் கட்டிப்போடுகிறது. ஆகவே இரண்டாவது 500ஐ நீக்க வேண்டும். வங்கி பிடித்த இரண்டாவது 295ஐயும் அவர்களே தர வேண்டும். வங்கியோடு சண்டை வேண்டாம். வந்த கோரிக்கைக்கு இருப்பு இல்லை என்று திருப்பியது மட்டுமே அது செய்த வேலை.

ஆக 340, 61, 500, 295: மொத்தம் 1,196 ரூபாய் கேளுங்கள். முழு 1,991ஐயும் கேட்டால், முதல் பவுன்ஸைக் காட்டியே மொத்தப் புகாரையும் மூடிவிடுவார்கள்.

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த 11,240 வந்ததும் சில நிறுவனங்கள் பழைய கட்டணத்தை முதலில் கழித்துக்கொள்ளும். அவர்கள் போட்ட 1,000, 340, 61 சேர்ந்த 1,401 போக 9,839தான் தவணையில் சேரும். நீங்கள் முழுசாகக் கட்டியும் தவணை பாக்கி, அதற்கு மறுபடி தாமதக் கட்டணம். கிளையில் வேலை பார்த்த காலத்தில் 400 ரூபாயில் தொடங்கி ஆறாயிரத்தில் நின்ற கணக்கைப் பார்த்திருக்கிறேன். 2024 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது. அதனால் கடன் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தவணையும் எதற்கு வரவு வைக்கப்பட்டது என்று வரி வரியாகப் பாருங்கள்.

வங்கியிலும் ஒரு வேலை இருக்கிறது. பாஸ்புக்கில் தேதிதான் இருக்கும், நேரமும் காரணமும் இருக்காது. இரண்டு பவுன்ஸும் எந்தத் தேதியில், எந்த மேண்டேட் (ஆட்டோ டெபிட்டுக்கு நீங்கள் கொடுத்த அனுமதி) எண்ணில், என்ன காரணத்துக்குத் திரும்பின என்று எழுத்தில் கேளுங்கள்.

புகாருக்காக மேட்டுப்பாளையம் வரை மலை இறங்க வேண்டாம். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் போதும்: "5ஆம் தேதி மாலை 6.40க்கு உங்கள் லிங்க்கில் 11,240 ரூபாய் கட்டினேன். யுடிஆர் எண் இது. தாமதக் கட்டணம், அதன்மீதான ஜிஎஸ்டி, 10ஆம் தேதிக் கட்டணம் ஆகியவற்றை நீக்கி, வங்கி பிடித்த 295ஐத் திருப்பித் தரவும். கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாமதம் என்று அனுப்பியிருந்தால் திருத்தவும்." ரசீதை இணைத்து, புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். அதில் தவறு இருந்து, புகார் கொடுத்த 30 நாளில் தீராவிட்டால், அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கோபத்தில் மேண்டேட்டை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள். அடுத்த தவணையும் விழுந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பேச வாய் இருக்காது. அதற்குப் பதில், இலைப் பணம் வருகிற தேதியைச் சொல்லி, கெடு நாளை 12க்கோ 15க்கோ மாற்றித் தரச் சொல்லி இதே மின்னஞ்சலில் கேளுங்கள். புது மேண்டேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அது நடைமுறைக்கு வந்ததாக மெசேஜ் வரும்வரை, 4ஆம் தேதி இரவே கணக்கில் பணம் இருக்கட்டும்.