மூச்சு வாங்குவதற்குக் கர்ப்பப்பை ஸ்கேன் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 43. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இதயக் கோளாறோ என்று பயந்து இ.சி.ஜி., எக்கோ எடுத்தேன். இரண்டும் நார்மல். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, கர்ப்பப்பை ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் இருக்கிறது. உங்கள் டாக்டர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் என்று பள்ளிக்கூடத்தில் வரிசையாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். உங்கள் குறை அந்த வரிசையின் அடியில், சிவப்பணு என்ற செல்லில் இருக்கிறது. அது தெரியவருவதோ மேலே, இதயத்திலும் மூச்சிலும்.

சிவப்பணு ஒரு விசித்திரமான செல். முதிர்ந்த பிறகு அதற்கு உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. இருக்கிற இடத்தையெல்லாம் ஹீமோகுளோபினுக்கே ஒழித்துக் கொடுத்துவிடும். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள். ஆக்சிஜன் ஒட்டிக்கொள்வது அந்த இரும்பில்தான். உட்கரு இல்லாததால் பழுதைச் சரிசெய்துகொள்ள வழியில்லை; சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும். எலும்பு மஜ்ஜை விநாடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது.

செத்த அணுக்களில் இருந்த இரும்பை உடம்பு வீணாக்காது. மண்ணீரலும் கல்லீரலும் அதைப் பிரித்தெடுத்து மஜ்ஜைக்கே திருப்பி அனுப்பிவிடும். அவ்வளவு சிக்கனம்! அதனால்தான் பெரியவர்களுக்கு இரும்பு குறைந்தால், 'சாப்பாட்டில் சத்து இல்லை' என்பதோடு நிறுத்தாமல், ரத்தம் எங்கேயாவது போகிறதா என்று தேடுகிறோம். உங்கள் வயதில் முதலில் சந்தேகப்படுவது மாதவிலக்கைத்தான். கர்ப்பப்பைச் சுவரின் தசைத்திசு ஓரிடத்தில் கட்டியாக வளர்ந்தால் அதுதான் ஃபைப்ராய்டு. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் மாதாமாதம் ரத்தத்தை அதிகமாக இழக்க வைக்கலாம். ஸ்கேன் அதற்காகத்தான்.

சரி, நெஞ்சு ஏன் படபடக்கிறது? பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. உங்களுக்கு 7.4. ஒரு நடையில் பாதி மூட்டை ஆக்சிஜன்தான் போகிறது என்றால் நடையைக் கூட்டத்தானே வேண்டும்? இதயம் அதைத்தான் செய்கிறது.

மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாக உறிஞ்சப்படும். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். டீ, காபியைக் கூடவே குடிக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான் இருக்கும். ஆனால் தார் போல ஒட்டும் பிசுபிசுப்போடு போனால் உடனே சொல்லுங்கள். ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாதம் ஆகும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், ஐஸ் கட்டியோ பச்சரிசியோ தின்னத் தோன்றுகிறதா? இரும்பு குறைந்தவர்களுக்கு அப்படி ஆசை வருவதுண்டு. என் கிளினிக்கில் பலர் இதை எழுந்து கதவருகே போன பிறகுதான் மெதுவாகச் சொல்வார்கள். நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டியாகப் போகிறதா என்பதையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு எடுத்துப் போங்கள்.